பிந்தி வந்தால் வெட்டு, பிந்திப் போனால் கணக்கில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், சின்னக் கம்பனி நடத்துகிறவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இப்போது பேச்சு ஒன்றுதான். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை, நின்றாலும் நன்றி இல்லை. கல்யாண வீட்டிலும் கேட்கிறேன், கோயில் திருவிழாவிலும் கேட்கிறேன், செத்த வீட்டில்கூடக் கேட்டாயிற்று. நான் முதலாளியும் இல்லை, தொழிற்சங்கக்காரனும் இல்லை. முதலில் புறக்கோட்டையிலும் பிறகு வெள்ளவத்தைப் பக்கத்திலும் மற்றவர்களுடைய கணக்கை எழுதிப் பிழைக்கிறவன். சம்பளத் தாள் எப்படித் தயாராகிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால், இந்த ‘நன்றி இல்லை’ பேச்சுக்கு ஒரு பதில் எழுதவேண்டும் போல இருந்தது. கொஞ்சம் நீளும். இடமில்லை என்று வெட்டுவதானால் சட்டம் பற்றிய பகுதிகளை மட்டும் விட்டுவைத்து மற்றதை வெட்டுங்கள்.

இப்போது அநேகமான இடங்களில் விரலடையாள மெஷின் வந்துவிட்டது. காலை 8.30க்கு வரவேண்டிய பெடியன் காலி வீதி நெரிசலில் மாட்டி 8.41க்கு விரல் வைத்தால் மாத முடிவில் அதற்கொரு வெட்டு விழுகிறது. சரி, வேலை நேரம் என்றால் வேலை நேரம்தான், வெட்டட்டும். ஆனால் அதே மெஷினில் அதே பெடியன் அன்றிரவு 8.10க்கு வெளியே போனதும் பதிவாகியிருக்கிறது. போகவேண்டிய நேரம் 5.30. மெஷின் பாவம், இரண்டையும் ஒரே மாதிரித்தான் பதிகிறது. அதை எக்செல் தாளுக்குக் கொண்டுவரும்போதுதான் “வந்த நேரத்தை மட்டும் எடுங்கோ, போன நேரம் தேவையில்லை” என்று மேலிருந்து சொல்லப்படுகிறது. இதை ஓரிடத்தில் அல்ல, வேலை செய்த பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நான் சொல்லவந்த அநியாயம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. மனேஜர் கத்துகிறார், முதலாளி முறைக்கிறார் என்பதெல்லாம் இரண்டாவது விஷயம். ஒரே புத்தகத்தில் ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் எழுதுவதுதான் முதல் விஷயம்.

இதைச் சொன்னால் உடனே “சட்டம் கதைக்கிறான்” என்பார்கள். கதைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது புதுச் சட்டம் ஒன்றும் இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டு வந்தது. எங்கள் அப்பாமார் வேலைக்குப் போன காலத்துச் சட்டம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்குச் சம்பளம், அந்த மேலதிக வேலையும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, கிழமையில் ஒன்றரை நாள் லீவு, வருஷத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும். இதெல்லாம் அதில் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கொடுக்கவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. எழுபது வருஷம் தாண்டிவிட்டது, இன்னமும் மெயின் வீதியில் பத்துக் கடை ஏறி இறங்கி “உங்கட நியமனக் கடிதம் எங்கே” என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடிதம் கொடுக்கிற இடங்களிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். மலைநாட்டுத் தோட்டப் பக்கமான பொகவந்தலாவையிலிருந்து வந்த பிள்ளைக்கு அதை வாசிக்க வராது, வாசித்துக் காட்ட மனேஜருக்கு நேரமில்லை, “கீழே சைன் வை தம்பி” என்பதோடு முடிந்தது. முதலாளி தமிழ், மனேஜர் தமிழ், பெடியன் தமிழ், கடிதம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. சில இடங்களில் சேரும் நாளிலேயே திகதி போடாத ராஜினாமாக் கடிதத்திலும் ஒரு கையெழுத்து வாங்கி லாச்சிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் அந்தப் பெடியன் வாசிக்காத கடிதம்தான்.

அடுத்தது ‘நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்’ என்கிற கதை. தமிழ்க் கடைகளில் இது கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். ஊரிலிருந்து கூட்டிவருவோம், மேல்மாடியில் படுக்க இடம் கொடுப்போம், மூன்று வேளையும் சாப்பாடு போடுவோம், தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுப்போம். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. அந்த இடமும் சாப்பாடும் இல்லாவிட்டால் கொழும்பு வாடகைக்கு அந்தப் பெடியனால் ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் குடும்பம் என்ற பேச்சு எப்போது வருகிறது என்று பாருங்கள். ஓ.ரி. (மேலதிக வேலைக்கான காசு) கேட்டால் வருகிறது, லீவு கேட்டால் வருகிறது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கேட்டால் கட்டாயம் வருகிறது. இலாபம் பிரிக்கும்போது வருவதில்லை.

ஈ.பி.எப். விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இது என் தொழில். ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் 1958இல் வந்தது. ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளி தன் பையிலிருந்து 12 சதவீதம். அப்புறம் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) என்று இன்னும் 3 சதவீதம், அது முழுக்க முதலாளியின் பங்கு. ஓர் ஆளை வைத்திருந்தாலும் கட்டவேண்டும், சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும், ‘ஆறு மாதம் பார்த்துவிட்டுப் போடுவோம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. பிந்திக் கட்டினால் மிகைக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரைக்கும் ஏறுகிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: முதலாளி கொடுக்கிற சமைத்த சாப்பாட்டுக்கும், சமைக்காமல் கொடுக்கிற அரிசி பருப்புக்கும்கூட ஒரு பணப் பெறுமதி பார்த்து, ஈ.பி.எப். கணக்குக்குரிய உழைப்பூதியத்தில் சேர்ப்பதற்கு அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அதாவது “நான்தானே சாப்பாடு போடுகிறேன்” என்று எந்தச் சோற்றைக் காட்டி ஈ.பி.எப். வேண்டாம் என்கிறார்களோ, அந்தச் சோற்றைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பார்த்துத்தான் 1958இலேயே எழுதிவைத்தார்கள்.

இதைவிடப் படித்த மாதிரியான ஒரு வழி பெரிய அலுவலகங்களில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் ஏசி போட்ட மாடியில் இருந்தாலும் கணக்கு இதே கணக்குத்தான். ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா என்று பேசி எடுப்பார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் போக்குவரத்துப்படி, போன்படி, ஊக்குவிப்புப்படி என்று வாயில் வந்த பெயரெல்லாம் வைத்து இன்னொரு 30,000. அடிப்படை மட்டும் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒட்டினாற்போல நிற்கும் (2025 ஏப்ரலில் அது 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000). ஈ.பி.எப். கட்டுவது அடிப்படைக்கு மட்டும். கணக்குப் பார்த்தால் முதலாளியின் 12 சதவீதத்தில் மாதம் 3,600 ரூபா குறைகிறது, வருஷத்துக்கு 43,200, பத்து வருஷத்துக்கு 4 இலட்சத்து 32 ஆயிரம். வட்டியை நான் சேர்க்கவேயில்லை. 55 வயதில் போய் எடுக்கும்போதுதான் அந்த மனிதனுக்கு இது தெரியவரும், அப்போது அந்த மனேஜர் எங்கே இருப்பாரோ. கையில் வருகிற காசு கூடுகிறதே என்று ஊழியர்களும் இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதவிப் பெயரிலும் இதே விளையாட்டு உண்டு. நேற்று வரைக்கும் கிளார்க், இன்றிலிருந்து எக்ஸிகியூட்டிவ். சம்பளம் இரண்டாயிரம் கூடியிருக்கும், விசிற்றிங் கார்டு அடித்துக் கொடுத்திருப்பார்கள், வீட்டிலே அம்மாவுக்குப் பெருமை. அன்றிலிருந்து ஓ.ரி. இல்லை. வேலை மட்டும் அதே பில் அடிக்கிற வேலை.

மனேஜர்மாரை மட்டும் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. உண்மையில் எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிதாபம் உண்டு. எங்கள் ஆட்களின் கடைகளில் மனேஜர் என்பவர் பாதி முதலாளி, பாதி வேலைக்காரன். முதலாளியின் மச்சானாகவோ ஊர்க்காரனாகவோ இருப்பார். ஓ.ரி. கொடுக்காதே என்று உத்தரவு போடுவது முதலாளி, அதைப் பெடியனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மனேஜர். அவருக்கும் ஓ.ரி. கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கும், சில வேளை அவருக்கே நியமனக் கடிதம் இருக்காது. கீழே நிற்பவன் கோபப்படுவதும் இவரோடு, மேலே இருப்பவர் ஏசுவதும் இவரைத்தான். அதற்காக அவர் செய்வதெல்லாம் சரியென்று ஆகிவிடாது. மேலிருந்து வருகிற உத்தரவை அவரால் மாற்ற முடியாமலிருக்கலாம், ஆனால் எவ்வளவோ விஷயம் அவர் கையிலேயே இருக்கிறது. யாருக்கு எந்த நாள் லீவு, யாரை ஸ்ரோருக்கு அனுப்புவது, யாரைக் காசு மேசையில் இருத்துவது, பிழை விட்டவனை வாடிக்கையாளர் முன்னால் ஏசுவதா உள்ளே கூப்பிட்டுச் சொல்வதா, இதற்கெல்லாம் முதலாளியின் அனுமதி தேவையில்லை. தன் ஊர்ப் பெடியன் பிந்தினால் “பஸ் லேட்டாம்”, மற்றவன் பிந்தினால் “திமிர்” என்று சொல்லச் சொல்லி எந்த முதலாளியும் கேட்பதில்லை. இந்த ஊர்ப் பாசம், பள்ளிக்கூடப் பாசம், வெளியில் சொல்லாத சாதிப் பாசம் எல்லாம் கொழும்புக்கு வந்து எத்தனை வருஷமானாலும் கடையை விட்டு இறங்குவதாக இல்லை.

வட்ஸ்அப் குரூப் என்று ஒன்று வந்தது, அதோடு வேலை நேரம் என்பதே இல்லாமல் போயிற்று. இரவு பத்தரைக்கு “நாளைக்கு ஆறரைக்கு லொறி வருது, எல்லாரும் நிக்கோணும்” என்று ஒரு செய்தி. நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தும் பதில் போடாதவனுக்குக் காலையில் விசாரணை. அதே குரூப்பில் விற்பனை குறைந்தவளின் பெயரைப் போட்டு நாற்பது பேர் பார்க்க ஏசுவதும் நடக்கிறது. பெண்கள் விஷயத்தைத் தனிக் கடிதமாகவே எழுதலாம். நேர்முகப் பரீட்சையிலேயே “கல்யாணம் எப்போ, பிள்ளை எப்போ” என்று கேட்கிறார்கள். பிரசவ லீவு 84 வேலை நாள், முதல் இரண்டு பிள்ளைக்கு ஒரு கணக்கு மூன்றாவதுக்கு ஒரு கணக்கு என்று இருந்ததும் 2018இல் எடுபட்டுவிட்டது, இன்னமும் அந்த லீவைத் தான் போடுகிற பிச்சை மாதிரிக் கொடுக்கிற மனேஜர்கள் இருக்கிறார்கள்.

தீபாவளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் மெயின் வீதியிலும் அந்த மூன்று கிழமையும் நிற்கிற பிள்ளைகளில் கணிசமானோர் ஹட்டன், மஸ்கெலியா, பதுளைப் பக்கத்தவர்கள். அவர்களுக்கும் தீபாவளிதான் வருஷத்தின் பெரிய நாள். முந்திய நாள் இரவு பத்து, பத்தரை வரைக்கும் கடை, பிறகு சாமான் அடுக்கி, சம்பளத்தையும் அட்வான்சையும் எண்ணி வாங்கி, புறக்கோட்டைக்கு ஓடினால் பஸ்ஸுக்குள் நிற்கவும் இடமிருக்காது. விடிந்து வீடு போய்ச் சேரும்போது எண்ணெய் வைத்துக் குளித்து எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். மறுநாளைக்கு அடுத்த நாள் திரும்பவும் கடையில் நிற்கவேண்டும். வியாபாரம் அந்தக் கிழமையில்தான் நடக்கும், கடையைப் பூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று கிழமையின் மேலதிக மணித்தியாலங்களை எழுதிவையுங்கள், பணமாகக் கொடுங்கள், இந்த வருஷம் முந்திப் போகிறவன் யார் அடுத்த வருஷம் யார் என்று முதலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு கடையில் ஒரு மனேஜர் சுழற்சி முறையில் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். முதலாளிக்கு அதில் ஒரு சதம் செலவில்லை, அந்தக் கடையில் ஆட்கள் நின்றார்கள்.

நீக்குகிற விஷயத்துக்கு வருகிறேன். “நாளையிலிருந்து வரத் தேவையில்லை” என்று போனில் சொல்வதோடு இங்கே ஒரு வேலை முடிந்துவிடுகிறது. காசு மேசையில் பணம் குறைந்தால் அன்று நின்ற எல்லார் சம்பளத்திலும் பிரித்து வெட்டுகிறார்கள். யார் எடுத்தது என்று விசாரிப்பதில்லை, ஆனால் ஒருவன்மேல் சந்தேகம் என்று சொல்லி அனுப்பியும் விடுகிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். குற்றம் செய்தார் என்று நிறுத்தினாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது, அதற்கும் இதே 15 பேர் கணக்கு, ஐந்து வருஷம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். இந்த இரண்டு எண்களும் கொழும்பு முதலாளிமாருக்கு மனப்பாடம். 15 ஆகாமலிருக்க ஒரே கடையை மூன்று பெயரில் பதிவார்கள், ஐந்து வருஷம் ஆகாமலிருக்க நாலரை வருஷத்தில் அந்த லாச்சி ராஜினாமாக் கடிதத்தை எடுத்துத் திகதி போட்டுவிட்டு ஆளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். சட்டம் தெரியாமல் மீறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அநியாயமாக நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். முதலாளி திரும்பக் கூப்பிடுவார், மனேஜர் கதைத்துச் சரிப்படுத்துவார், கோயில் தலைவர் சமாதானம் பேசுவார் என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் சனத்தில் அதிகம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, அவர்களுடைய பிள்ளை கொழும்புக் கடைக்கு வந்தால் சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மேல்மாடியில் முதலாளியின் பாயில் படுத்துக்கொண்டு எந்த ஏழு பேர் கையெழுத்து வைப்பார்கள்?

முதலாளிமாருடைய பக்கமும் தெரியாமல் எழுதவில்லை. 2020இல் கொரோனாவுக்குப் பூட்டியபோது, வேலை கொடுக்க முடியாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பதென்று அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் பேசி முடித்தார்கள். வருமானமே இல்லாமல் அதைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அவர்களை எனக்குத் தெரியும். 2022இல் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, டொலர் இல்லை. பிறகு வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. வாடகையும் குறையவில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போகிற பெடியன்களும் இருக்கிறார்கள், அதுவும் அநியாயம்தான், ஒரு மாதம் முன்னறிவித்தல் என்பது இரண்டு பக்கத்துக்கும்தான். ஆனால் 2022ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். கட்டாரில் போய் வெயிலில் நிற்கிறவன் நன்றி கெட்டுப் போகவில்லை. அங்கேயும் மனேஜர்கள் தங்கமானவர்கள் இல்லை. சம்பளம் எவ்வளவு, என்ன நாளில் வரும் என்பது அவன் கையில் கடுதாசியாக இருக்கிறது, அல்லது இருக்கும் என்ற நம்பிக்கையில் போகிறான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல தமிழில், ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு நியமனக் கடிதத்தின் மாதிரியைச் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதி வாங்கி உங்கள் பத்திரிகையில் போடுங்கள். பதவி, வேலை நேரம், அடிப்படைச் சம்பளம், படிகள், ஓ.ரி. வீதம், லீவு, ஈ.பி.எப். இலக்கம், முன்னறிவித்தல், இவ்வளவும் இருந்தால் போதும். கீழே பொடி எழுத்தில் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்பதையும் போட்டுவிடலாம். வெட்டி எடுத்து மனேஜரின் மேசையில் வைக்கப் பல பேர் காத்திருக்கிறார்கள். செலவுக்கு விளம்பரம் தேவையென்றால் வர்த்தகர் சங்கங்களைக் கேட்டுப் பாருங்கள், தீபாவளி வாழ்த்துக்கு முழுப் பக்கம் கொடுக்கிறவர்கள் இதற்குக் கால் பக்கமாவது கொடுப்பார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

இப்படிக்கு,
கணக்கு எழுதுகிற ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6